சொகுசுக் கப்பல் துறைமுகம்: அரசே நடத்துவதா, தனியாரிடம் விடுவதா என்று முடிவெடுப்பது எப்படி?

சொகுசுக் கப்பல் துறைமுகம் ஒன்றின் நிர்வாகத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய குழுவில் நீங்கள் இருந்தால், அரசா தனியாரா என்ற கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். நிலம், அலைதடுப்புச் சுவர், தூர்வாரிய கப்பல் வழி, பெர்த் (கப்பலைக் கட்டி நிறுத்தும் இடம்), பயணிகள் முனையம், பயணப்பெட்டிகளைக் கையாளும் வேலை, பேருந்து நிறுத்தம், கடைகள் எனப் பலவும் சேர்ந்ததே துறைமுகம். ஒவ்வொன்றும் யாருடைய சொத்து, அதற்கு யார் செலவிடுவார், கட்டணத்தை யார் வசூலிப்பார் என்று தனித்தனியே எழுதிவைத்தால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உலக வங்கியின் துறைமுகச் சீர்திருத்தக் கையேடு நான்கு முறைகளைக் கூறுகிறது. எல்லாவற்றையும் அரசே செய்வது ஒன்று. கருவிகளை அரசு வாங்கித் தந்து வேலையைத் தனியாரிடம் விடுவது மற்றொன்று. நிலத்தை அரசு வைத்துக்கொண்டு முனையத்தைக் குத்தகைக்கு விடுவது மூன்றாவது. முழுவதையும் தனியாருக்கே கொடுத்துவிடுவது நான்காவது. கப்பல்கள் பருவத்துக்குச் சில முறையே வந்து, மற்ற நாள்களில் அதே தளத்தில் சரக்கு இறங்கும் இடங்களில் அரசே நடத்துவது போதும். போக்குவரத்து மிகுந்த இடங்களுக்கு மூன்றாவது முறையே பொருந்தும் என்பது என் கருத்து. அமெரிக்காவின் மயாமி துறைமுகம் மாவட்ட நிர்வாகத்தின் சொத்தாகவே இருக்க, அங்கே 2018-இல் ராயல் கரீபியன் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனம் தன் முனையத்தைத் திறந்தது.

எந்த முறையைத் தேர்ந்தாலும், எந்த நாளில் எத்தனை கப்பல்கள், எவ்வளவு பெரியவை வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் கீ வெஸ்ட் நகர மக்கள் பெரிய கப்பல்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2020-இல் வாக்களித்தனர். மறு ஆண்டே மாநிலச் சட்டம் அந்த முடிவைச் செல்லாததாக்கியது. அதன் பின்னர் நகராட்சியால் தன் கட்டுப்பாட்டில் இருந்த தளங்களில் மட்டுமே பெரிய கப்பல்களைத் தடுக்க முடிந்தது. தனியார் நடத்தும் தளத்துக்கு அவை தொடர்ந்து வந்தன. பார்சலோனாவிலோ, முனையங்களைத் தனியார் நிறுவனங்கள் நடத்தினாலும் நிலம் பொதுத் துறைமுக நிர்வாகத்திடம் இருக்கிறது. அதனால்தான் ஏழு முனையங்களை 2030-க்குள் ஐந்தாகக் குறைக்க 2025-இல் நகராட்சியும் துறைமுகமும் உடன்பாடு செய்துகொள்ள முடிந்தது.

குத்தகைக்கு எடுப்பவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். துறைமுகங்களை நடத்துவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கு எல்லாக் கப்பல்களும் வாடிக்கையாளர்கள். கப்பல் நிறுவனமே துறைமுகத்தை எடுத்தால், நல்ல பெர்த்தும் நல்ல நேரமும் தன் கப்பல்களுக்கே போகட்டும் என்று அது நினைப்பது இயல்பு. ஆகவே போட்டி நிறுவனங்களின் கப்பல்களுக்கு எந்த விதிப்படி இடம் ஒதுக்கப்படும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். முனையத்துக்குள் எவ்வளவு கடைப்பரப்பு இருக்கலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். பயணி வாயிலைத் தாண்டாமலேயே எல்லாவற்றையும் வாங்கிவிட முடிந்தால், கூட்டத்தின் சுமை ஊருக்கும் வருமானம் முனையத்துக்கும் என்றாகிவிடும்.

குத்தகைக் காலத்தைப் போட்ட முதலோடு பொருத்திப் பாருங்கள். பஹாமாஸ் தலைநகரான நாசோவின் சொகுசுக் கப்பல் துறைமுகம் 25 ஆண்டுகளுக்கும், போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் உள்ளது 30 ஆண்டுகளுக்கும் தனியார் நிர்வாகத்துக்கு விடப்பட்டுள்ளன. சரக்குத் துறைமுகத்துக்குப் பின்னால் தொழிற்சாலைகளும் சந்தையும் இருக்கும். சொகுசுக் கப்பலோ அடுத்த பருவத்திலேயே வேறு ஊருக்குத் திரும்பிவிடக்கூடும். 2020 மார்ச்சில் உலகம் முழுவதும் இந்தக் கப்பல்கள் நின்றபோது பயணிகளின் தலைக்கட்டணத்தையே நம்பியிருந்த துறைமுகங்களின் வருவாயும் நின்றது. எனவே பயணிகள் எண்ணிக்கை எப்படி இருந்தாலும் செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகையையும், கொள்ளைநோய் போன்ற காலங்களில் அது எவ்வளவு குறையும் என்பதையும் இப்போதே வரையறுக்க வேண்டும். நாசோவில் உள்நாட்டு மக்கள் முதலீடு செய்யும் நிதியத்துக்கு 49 சதவீதப் பங்கு ஒதுக்கப்பட்டதைப் போன்ற ஏற்பாட்டையும் பரிசீலிக்கலாம்.

கடைசியாக, ஒப்பந்தம் முடியும் நாளுக்கான பக்கங்களை முதலில் வரைந்துவிடுங்கள். பெர்த் எந்த ஆழத்தில் திரும்ப வர வேண்டும், கரையிலிருந்து கப்பலுக்கு மின்சாரம் தரும் அமைப்பு யாருக்குச் சொந்தம், ஊழியர்களின் வேலை என்னவாகும், பயணிகள் பற்றிய கணக்குகள் யாரிடம் சேரும் என்பவை அதில் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறும் வலு, கையெழுத்திடுவதற்கு முன்புதான் உங்களிடம் இருக்கும்.