ஹெட்லைட்டுக்குள் ஆவி படிந்திருக்கிறதா? கை வைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

மழை ஓய்ந்த மறுநாள் காலையில் வண்டியை எடுக்கப் போனால், ஹெட்லைட் கண்ணாடி வெள்ளையாக மங்கிப் போயிருக்கும். துணியால் துடைத்தால் போகாது, ஏனென்றால் அது உள்பக்கம் படிந்திருக்கிறது. அப்போதுதான் கை பரபரக்கும். சிலிக்கான் வைத்து அடைத்துவிடலாமா, கீழே சின்னதாக ஒரு ஓட்டை போட்டால் தண்ணீர் வடிந்துவிடாதா, ஹேர் டிரையரைப் பிடித்தால் என்ன என்று அடுக்கடுக்காக யோசனை வரும். கெடாமல் இருந்த ஹெட்லைட்டை நாமே கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தில்தான். நானும் அப்படி ஒன்றைக் கெடுத்திருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

எல்லாத் தவறுக்கும் அடியில் ஒரே ஒரு நினைப்புதான் இருக்கிறது: ஹெட்லைட் என்பது காற்றுகூடப் புகாத பெட்டி, உள்ளே ஈரம் தெரிந்தால் எங்கோ ஓட்டை விழுந்துவிட்டது என்கிற நினைப்பு. பழைய சீல்டு பீம் விளக்குகளுக்கு அது பொருந்தும். அவற்றில் கண்ணாடி, ரிஃப்ளெக்டர் (ஒளியை முன்னால் திருப்பிவிடும் பளபளப்பான கிண்ணம்), இழை எல்லாம் ஒரே துண்டாக மூடியிருக்கும், இழை போனால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். அமெரிக்காவில் 1940 முதல் அதுதான் விதி, பல்பை மட்டும் கழற்றி மாற்றும் விளக்குகளுக்கு 1983-ல்தான் அங்கே அனுமதி கிடைத்தது. இன்று நம் வண்டியில் இருப்பது இந்த இரண்டாவது வகை. இது மூச்சு விடும். விளக்கைப் போட்டதும் உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து கொஞ்சம் வெளியே போகும், அணைத்ததும் குளிர்ந்து சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அதற்கென்றே பின்புறத்தில் மூச்சுத் துளைகள் வைத்திருப்பார்கள். சிலவற்றில் வளைந்த ரப்பர் குழாய், சிலவற்றில் ஸ்பாஞ்ச் அடைப்பு, சிலவற்றில் காற்றை விட்டுத் தண்ணீரை விடாத ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். உள்ளே வரும் காற்றில் ஈரம் இருந்தால், இரவில் கண்ணாடி குளிரும்போது அந்த ஈரம் அங்கே படியும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் அளவுக்கு நீராவியைத் தாங்கும், 20 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 17 கிராம்தான் தாங்கும். ஹெட்லைட்டுக்குள் 10 லிட்டர் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழு ஈரத்தோடு இருந்து 30-லிருந்து 20 டிகிரிக்குக் குளிர்ந்தால்கூட, காற்றிலிருந்து பிரிந்து படியும் தண்ணீர் 0.13 கிராம். அதாவது இரண்டு மூன்று சொட்டு. கண்ணாடி முழுக்க மெல்லிசாகப் பரவும்போது அந்த இரண்டு மூன்று சொட்டுதான் நமக்குப் பெரிய பிரச்சினை மாதிரித் தெரிகிறது. ஆனால் விளக்கின் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தேங்கி, வளைவில் திரும்பும்போது தளும்புகிறது என்றால், ஒரே இரவில் காற்று அவ்வளவைக் கொண்டுவந்திருக்க முடியாது. அது கசிவு.

முதலில் இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். மெல்லிய படலமாக இருந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு அரை மணி, ஒரு மணி நேரம் ஓட்டியதும் குறைந்துகொண்டே போனால், அல்லது வெயில் காயும் ஓரிரு நாளில் தானாக மறைந்தால், ஒன்றும் செய்ய வேண்டாம். பெரிய பெரிய துளிகளாக வழிந்தால், அடியில் தேங்கினால், நாள் கணக்கில் போகாமல் இருந்தால், அல்லது ஒரு பக்க விளக்கில் மட்டும் திரும்பத் திரும்ப வந்து மறுபக்கம் சுத்தமாக இருந்தால், அப்போது கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் மறுநாள் ஒப்பிட வசதியாக இருக்கும்.

எல்.இ.டி. ஹெட்லைட் வைத்திருப்பவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். ஹாலஜன் பல்பு சாதாரணமாக 55 வாட், அதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது, அந்த வெப்பம் முன்னால் வந்து கண்ணாடியைக் காய வைத்துவிடும். எல்.இ.டி.யும் சூடாகிறது, ஆனால் அந்தச் சூடு பின்னால் இருக்கும் உலோகத் தகடு வழியாகப் போய்விடும், கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். அதனால் ஆவி மறைய நேரமாகும். இது புரியாமல் புது வண்டியைப் பழுது என்று நினைத்து அலைகிறவர்கள் நிறைய.

சரி, கைவைத்தால் நடக்கும் தவறுகளுக்கு வருவோம்.

மோசமானது சிலிக்கான். கடையில் கிடைக்கும் டியூபை வாங்கி, கண்ணாடி விளிம்பைச் சுற்றி ஒரு கோடு, பின்னால் கண்ணில் படும் துளைகளுக்கெல்லாம் ஒரு உருண்டை. அந்தத் துளைகளில் ஒன்றிரண்டு மூச்சுத் துளைகளாக இருக்கும். அவற்றை அடைத்ததும் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். காற்று சுருங்கும்போது வரும் இழுவையும் நிற்காது, எங்கே பசை பலவீனமாக இருக்கிறதோ அங்கே இழுக்கும், அந்த இடம் தண்ணீர் நிற்கிற இடமாக இருந்தால் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரே உள்ளே போகும். இன்னொன்றும் உண்டு: காயும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வெளிவிடுவது அசிட்டிக் அமிலத்தின் ஆவி. மூடிய விளக்குக்குள் அது ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சுக்கு ஆகாது. கண்ணாடி ஒட்டும் இடத்தில் பியூட்டைல் பசைதான் பொருத்தம், அது நாடாவாகவே கிடைக்கிறது, சூடுபடுத்தினால் இளகும், பின்னால் பிரிக்க வேண்டி வந்தாலும் பிரிக்கலாம். சிலிக்கான் போட்டுவிட்டால் அடுத்தமுறை பிரிக்கும்போது கண்ணாடியின் ஓரம் உடைந்தே வரும்.

ஓட்டை போடுவது அதற்கு நேர் எதிரான தவறு. தண்ணீர் வடியும் என்பது உண்மைதான், ஒரு தடவை வடியும். அப்புறம் சக்கரம் வாரியடிக்கும் சேறும் தூசியும் அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். ஏற்கெனவே இருந்த கசிவு அப்படியே இருக்க, இப்போது இரண்டாவது வழியையும் நாமே திறந்துவிட்டிருப்போம். பொறியாளர்கள் மூச்சுத் துளையை வளைந்த குழாயாக வைப்பதற்குக் காரணமே தண்ணீர் நேராகத் தெறித்து உள்ளே போகக்கூடாது என்பதுதான்.

வெப்பம் காட்டுவதில் நிதானம் வேண்டும். இப்போதைய ஹெட்லைட்டில் கண்ணாடி என்று நாம் சொல்வது கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். சுமார் 147 டிகிரியில் அது இளகத் தொடங்கும். ஹீட் கன்னிலிருந்து வரும் காற்று 500 டிகிரியைத் தாண்டக்கூடியது. ஒரே இடத்தில் சில நொடிகள் நின்றாலே மேல்பூச்சு கொப்பளிக்கும், வடிவம் நெளியும், அதற்கு மருந்தே கிடையாது. ஹேர் டிரையர் போதும், அதுவும் குறைந்த சூட்டில், பல்பு மாற்றுவதற்காக விளக்கின் முதுகில் இருக்கும் பின்மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கையை நடுவில் வைத்தால் நமக்குச் சுடாத அளவில். பின்மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்து சூடாக்கினால் ஆவி கண்ணாடியை விட்டு விலகி இன்னொரு மூலையில் படியும், அவ்வளவுதான். காற்றழுத்தக் குழாயை நேராக உள்ளே விட்டு அடிப்பதையும் பார்த்திருக்கிறேன். கம்ப்ரஸர் காற்றோடு தண்ணீரும் எண்ணெய்த் துளிகளும் சேர்ந்து வரும், காய வைக்கப் போய் எண்ணெய் பூசிவிட்டு வருவோம்.

வெயிலில் காய வைப்பது நல்ல யோசனை மாதிரித் தெரியும். புரொஜெக்டர் வகை விளக்காக இருந்தால் எச்சரிக்கை தேவை. அதன் நடுவில் இருக்கும் குவிலென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்யும். விளக்கைக் கழற்றி முகத்தைச் சூரியனைப் பார்த்து வைத்தால், ஒளி உள்ளே ஒரு புள்ளியில் குவிந்து பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். நிழலில், காற்றோட்டமான அறையில், முகம் கீழே இருக்கும்படி மெத்தென்ற துணி மேல் வைத்து, பின்மூடியைத் திறந்து ஒரு நாள், இரண்டு நாள் விட்டுவிடுங்கள். ஃபேன் காற்று பட்டால் இன்னும் நல்லது. தூசி போகாமல் மெல்லிய துணியை மேலே போர்த்தலாம்.

இப்போது நான் கெடுத்த கதை. பின்மூடியைத் திறந்து பார்த்தபோது ரிஃப்ளெக்டரில் தண்ணீர் வழிந்த தடம் கோடு கோடாகத் தெரிந்தது. மெல்லிய துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டு மெதுவாகத் துடைத்தேன். துணியில் சாம்பல் நிறத்தில் ஏதோ வந்தது, அழுக்கு என்று நினைத்து இன்னும் இரண்டு முறை துடைத்தேன். வந்தது அழுக்கில்லை, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியப் பூச்சு. மனிதத் தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட வராத பூச்சு அது. அன்று இரவு விளக்கைப் போட்டால் வெளிச்சத்தின் நடுவே ஒரு கறுப்புத் திட்டு. அதனால் மிகவும் வருத்தத்தோடு சொல்கிறேன், ரிஃப்ளெக்டரைத் தொடாதீர்கள். தடம் இருந்தால் இருக்கட்டும், அதால் வெளிச்சம் பெரிதாகக் குறையாது. கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடைக்க வேண்டாம், பல விளக்குகளில் அங்கே ஆவி பிடிக்காமலிருக்க ஒரு பூச்சு போட்டிருப்பார்கள். அசிட்டோன், தின்னர் எதையும் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது, பாலிகார்பனேட் வெள்ளையாகப் பூத்து விரிசல் விட்டுவிடும்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் உள்ள பொட்டலத்தை உள்ளே போட்டு மூடிவிடுவது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். காய வைக்கும் நேரத்தில் உதவும், அதை நிரந்தரத் தீர்வாக நினைப்பதுதான் பிழை. விளக்கு மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால் ஜெல் சில நாளிலேயே நிரம்பிவிடும், நிரம்பிய பிறகு விளக்கு சூடாகும்போது குடித்த ஈரத்தைத் திரும்பக் கக்கும். பொட்டலம் உருண்டு ஹாலஜன் பல்பில் ஒட்டிக்கொண்டால் கருகும், கிழிந்தால் மணிகள் எல்லா இடுக்கிலும் சிதறும். போட்டால் நூல் கட்டிப் போடுங்கள், காய்ந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

உண்மையில் கசிவு எங்கே என்று தேடினால், நான் பார்த்தவரையில் பெரும்பாலும் பின்மூடிதான். பல்பு மாற்றியவர் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டிருப்பார், ரப்பர் வளையம் மடங்கியிருக்கும், இல்லை காய்ந்து வெடித்திருக்கும். ஹாலஜனை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பு போடும்போது அதன் ஃபேன் நீட்டிக்கொண்டிருப்பதால் மூடி பொருந்தாது, மூடியையே வெளியே எடுத்துப் போட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். இதைவிடச் சுலபமாக ஹெட்லைட்டைக் கெடுக்க முடியாது. அடுத்துப் பாருங்கள், மூச்சுக் குழாய் கழன்று விழுந்திருக்கிறதா, சேறு அடைத்திருக்கிறதா என்று. அதற்கும் பிறகுதான் கண்ணாடியில் விரிசல், விளிம்புப் பசை, வண்டி லேசாக இடித்ததில் உடைந்த, விளக்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மூச்சுத் துளைகளைத் தற்காலிகமாக மூடிவிட்டு, ஒன்றின் வழியாக மட்டும் வாயால் மெதுவாக ஊதுங்கள், விளிம்பில் சோப்பு நுரை தடவியிருந்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். அடைத்தவற்றை மறக்காமல் திறந்துவிடுங்கள்.

இந்தத் தேடலைச் செய்யாமல் முழு விளக்கையும் புதிதாக வாங்கிப் போடுகிறவர்கள், பழைய மூடியையே புது விளக்கில் மாட்டி அடுத்த மழைக்கே திரும்ப அதே இடத்தில் நிற்பார்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால் பிரிக்கவே பிரிக்காதீர்கள், போட்டோவோடு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

வாட்டர் வாஷ் பற்றி ஒரு வார்த்தை. உயர் அழுத்தத் தண்ணீரை விளக்கின் விளிம்பிலும், பானெட்டைத் திறந்து விளக்கின் முதுகிலும் அடிக்க விடாதீர்கள். மூச்சுத் துளைகள் மழைக்குத் தாங்கும், அந்த அழுத்தத்துக்குத் தாங்கா. நீண்ட நேரம் எரிந்து சூடாக இருக்கும் விளக்கில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால், உள்காற்று சட்டென்று சுருங்கி ஈரத்தை வாரி உள்ளே இழுக்கும். பத்து நிமிடம் ஆற விட்டுக் கழுவுங்கள்.

இதற்கு நேர்மாறாக, தண்ணீர் தேங்கியிருப்பது தெரிந்தும் கண்டுகொள்ளாமல் ஓட்டுவதும் தவறுதான். துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் சாலை மங்கும், எதிரே வருபவரின் கண் கூசும். செனான் விளக்கு என்றால் அதைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கும் மேல் போகிறது, தண்ணீரோடு அதைத் தொடவே வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள். எல்.இ.டி. விளக்கில் மின்னணுப் பலகை அரித்துப் போனால் பல மாடல்களில் முழு விளக்கையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாம் சரிசெய்து மாட்டிய பிறகு, சாதாரணத் தோட்டக் குழாயில் மழை மாதிரி ஐந்து நிமிடம் தண்ணீர் விட்டு, மறுநாள் காலை பாருங்கள். அப்புறம் சமதரையில் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இரண்டு விளக்கின் வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், கழற்றி மாட்டிய விளக்கு கொஞ்சம் மேலே பார்த்துவிட்டால் எதிரே வருபவருக்குத்தான் அது முதலில் தெரியும்.