தேயிலைத் தோட்டத்து டாக்டர் ஆராய்ச்சிக்குப் போவது எப்படி?

சுற்றுச்சூழல் மருத்துவத்தில் ஆசையா? உள்ளகப் பயிற்சிக்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சமுதாய மருத்துவம் படியுங்கள். ஆனால் ஆய்வுக்கேள்வியை அங்கே தேடாதீர்கள். விடியற்காலை, தொழிலாளிகள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்குப் போய், மருந்தடிக்கிறவர்கள் கையுறை போடுகிறார்களா, டாங்கியை எங்கே கழுவுகிறார்கள், அந்தத் தண்ணீர் எந்த லயத்துப் பீலியில் (தொழிலாளர் வரிசை வீடுகளின் தண்ணீர்க் குழாயில்) வந்து சேருகிறது என்று பாருங்கள். கிளைபோசேட் என்ற களைநாசினி இலங்கையில் 2015இல் தடையாகி 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்பி வந்தது, ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில், அப்புறம் தொழிலாளியின் சம்மதம். தோட்ட நிர்வாகியான துரை போட்ட கையெழுத்து அதற்கு ஈடாகாது.

சரி, நாட்டுக்குள் நோய் வராமல் காக்கும் எல்லைச் சுகாதாரத்தில் ஆசையா? 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடானது. இப்போது அது பயணிகளோடுதான் வருகிறது, அதனால் காய்ச்சலோடு வருபவரிடம் எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டுப் பழகுங்கள்.