டாக்டரிடம் பி.பி. கணக்கைக் காட்டப் போகிறீர்களா?

வீட்டில் பி.பி. பார்த்து போனில் ஏற்றி வைப்பவர்கள், மூன்று மாதக் கணக்கை அப்படியே டாக்டரிடம் நீட்டாதீர்கள். இருக்கிற ஐந்து நிமிடத்தில் யார் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது? அவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரத்தின் ஒழுங்கான அளவுகள் போதும்.

ஏழு நாள், காலையும் மாலையும். காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன்னால். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்து, கால் தரையில் பட்டு, கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல். பட்டையைச் சட்டைக் கை மேல் சுற்றக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் ஏற்றுங்கள். கூடுதலாக வந்ததை அழித்துவிட்டு நல்லதை மட்டும் வைத்துக்கொள்கிற பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு, அது வேண்டாம். முதல் நாள் அளவு பதற்றத்தில் ஏறியிருக்கலாம் என்பதால் சராசரியில் அதை விட்டுவிடுவார்கள்.

எண்ணோடு சேர்த்து உபயோகமானது பக்கத்தில் எழுதும் குறிப்பு: ‘ராத்திரி தூக்கமில்லை’, ‘மாத்திரை மறந்தாச்சு’, ‘எழுந்ததும் தலைசுற்றல்’. மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய இதுவும் உதவும்.

கிளினிக்கில் 140/90 என்பது வீட்டுக் கணக்கில் ஏறக்குறைய 135/85. கைக்கடிகாரம் காட்டும் பி.பி.யை இதோடு கலக்காதீர்கள். 180/120 தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் போனை வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.