மாத விபத்துக் கணக்கு: சின்ன வட்டாரத்தில் எழுதுவதும் படிப்பதும்

போன மாதம் நாலு விபத்து, இந்த மாதம் எட்டு, இரண்டு மடங்காகிவிட்டது என்று வசிப்போர் குழுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னால் அறையே பதறிப்போகும். அடுத்த மாதம் ஐந்துக்கு இறங்கினால், புதிதாகக் கட்டிய எச்சரிக்கைப் பதாகைதான் காரணம் என்று எல்லாரும் நிம்மதி அடைவார்கள். இரண்டு முடிவுக்கும் அந்த எண்களில் ஆதாரம் கிடையாது. ஒரு வட்டாரத்தின் மாதக் கணக்கு மிகச் சின்ன எண்களால் ஆனது. சாலையில் எதுவும் மாறாதபோதும் அவை ஏறி இறங்கும். ஆனாலும் கணக்கு வேண்டும். எதை எண்ணுகிறோம் என்று முதலிலேயே முடிவுசெய்து, அளவுகோலை மாற்றாமல் எண்ணிக்கொண்டு வந்தால், எந்தச் சந்திப்பில் எந்த மாதிரி மோதல் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். ஆட்கள் அடிபடுவதைத் தடுக்க உதவும் தகவல் அதுதான்.

சிங்கப்பூர்ப் போக்குவரத்துக் காவல்துறை தீவு முழுவதற்குமான எண்களை ஆண்டுக்கு இருமுறை வெளியிடுகிறது. சாலை விபத்துகளில் 2023ல் 136 பேரும் 2024ல் 142 பேரும் உயிரிழந்தார்கள். காயம் விளைவித்த விபத்துகள் 2024ல் 7,000க்குச் சற்று மேல். மக்கள்தொகையை 6 மில்லியன் என்று வைத்து வகுத்துப் பாருங்கள். 60,000 பேர் வசிக்கும் வட்டாரத்தின் பங்கு ஆண்டுக்கு 70, மாதத்துக்கு 6 என்ற அளவில் வரும். விரைவுச்சாலை விபத்துகளும் இதில் அடக்கம் என்பதால், உள்சாலைகளை மட்டும் எண்ணினால் இன்னும் குறையும். உயிரிழப்போ அதே 60,000 பேருக்கு ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு. அதை மாதவாரியாக வரைபடம் போட்டால் வரிசையாகப் பூஜ்யம்தான் வரும். உயிரிழப்புகளைத் தேதி, இடம், நடந்த விதம் என்று ஒவ்வொன்றாகத் தனித்தாளில் எழுதிவையுங்கள். மாதக் கணக்குக்குக் காயம் விளைவித்த விபத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லை, வரையறை

முதல் நாளிலேயே வரைபடத்தில் எல்லைக் கோடு போடுங்கள். அரசாங்கத்தின் இணைய வரைபடமான ஒன்மேப் இதற்குப் போதும். விரைவுச்சாலையை வெளியே விடுங்கள். உட்லண்ட்ஸ் வழியாகப் போகும் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் நடக்கும் மோதல் பெரும்பாலும் மலேசிய எல்லைச் சோதனைச்சாவடிப் போக்குவரத்தைப் பற்றிப் பேசும், உங்கள் புளோக்கின் முன்னுள்ள பாதசாரிக் கடப்பைப் பற்றிப் பேசாது. ஆனால் விரைவுச்சாலையின் நுழைவுப்பாதையும் வெளியேறும் பாதையும் உள்சாலையைத் தொடும் சந்திப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோடு ஒரு பெரிய சாலையின் மேலேயே ஓடினால் அந்தச் சாலையின் இரு பக்கத்தையும் உள்ளே எடுங்கள். பாதிச் சந்திப்பை எண்ணுவது பின்னால் தீராத தலைவலி.

எதைக் காயம் என்று கொள்வது? ஆம்புலன்ஸ் வந்தது, அல்லது அடிபட்டவர் மருத்துவரிடம் போனது உறுதி, இந்த இரண்டில் ஒன்று இருந்தால் எழுதுங்கள். கார்க் கதவில் கீறல், பம்பர் நசுங்கல் போன்றவற்றை விட்டுவிடுங்கள். ஓட்டுநர்கள் அங்கேயே பேசி முடித்துக்கொண்டு போகும் விபத்துகள் ஒரு மாதம் கண்ணில் படும், மறு மாதம் படாது. விபத்தையும் ஆட்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஒரு பேருந்து திடீரென நின்று நாலு பயணிகள் விழுந்தால் அது ஒரு விபத்து, நாலு காயம். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் அந்த ஒரு பேருந்து மாதத்தையே மாற்றிக் காட்டும்.

ஒரு வரியில் என்னென்ன

ஒரு விபத்துக்கு ஒரு வரி. தேதி, கிழமை, கால் மணி நேரத்துக்குள்ளான நேரம், இடம், சம்பந்தப்பட்டோர் (பாதசாரி, சைக்கிள், மோட்டார்சைக்கிள், கார், கனரக வாகனம், பேருந்து), ஒவ்வொருவரும் போன திசை, சாலை ஈரமா காய்ந்ததா, வெளிச்சமா இருட்டா, காயம்பட்டோர் எண்ணிக்கை, தகவல் வந்த வழி. இவ்வளவு போதும்.

இடத்தை எழுதுவதில் கஞ்சத்தனம் கூடாது. ‘சந்தைக்குப் பக்கத்தில்’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. இங்கே ஒவ்வொரு தெருவிளக்குக் கம்பத்திலும் எண் இருக்கிறது, ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்துக்கும் ஐந்திலக்கக் குறியீடு இருக்கிறது. அருகிலுள்ள கம்பத்தின் எண், எந்தத் திசையில் போகும் தடம் என்ற இரண்டையும் எழுதினால் சில மீட்டருக்குள் இடம் சிக்கிவிடும்.

திசையை விடவே கூடாது. ‘கார் மோதி முதியவர் காயம்’ என்ற வரியால் யாருக்கும் பயன் இல்லை. ‘வடக்கிலிருந்து வந்து வலப்பக்கம் திரும்பிய கார், பச்சை மனிதன் (நடப்போருக்கான பச்சை விளக்கு) எரிந்தபோது மேற்கிலிருந்து கிழக்கே கடந்த பாதசாரி’ என்று எழுதினால் பொறியாளருக்கு அங்கேயே பாதி விவரம் தெரிந்துவிடும்.

பெயர், வாகன எண், அடிபட்டவரின் படம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். போக்கைப் பார்க்க அவை தேவைப்படுவதில்லை. அடிபட்டவரின் குடும்பத்துக்கு அது இன்னொரு வேதனை.

தகவல் வரும் வழி

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் சேவை, நடந்துகொண்டிருக்கும் சாலைச் சம்பவங்களை இடக்குறியீட்டோடு இலவசமாகத் தருகிறது. பதிவுசெய்து ஓர் அணுகல் குறியீடு (API key) வாங்கிக்கொண்டால் போதும். மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். அது நேரடித் தகவல். சம்பவம் முடிந்ததும் மறைந்துவிடும் என்பதால் சில நிமிடத்துக்கொருமுறை சேமிக்க வேண்டும். செய்தியின் தொடக்கத்தில் நாளும் மாதமும் நேரமும் இருக்கும், ஆண்டு இருக்காது, ஆகவே சேமிக்கும் கோப்பின் பெயரில் ஆண்டைச் சேருங்கள். காயம் உண்டா இல்லையா என்று அது சொல்லாது. பெரிய சாலைகளுக்கு இது நன்றாகப் பயன்படும். புளோக்குகளுக்கு நடுவே ஓடும் சின்னச் சாலைகளுக்குக் கடைக்காரர்கள், பள்ளி வாசலில் நிற்கும் தொண்டூழியர்கள், வாட்ஸ்அப் குழு, செய்தி ஆகியவைதான்.

மாதக் கணக்குகள் அதிகம் கெடுவது இங்கேதான். வாட்ஸ்அப் குழுவில் 80 பேர் இருந்தது 300 ஆனால் தெரியவரும் விபத்துகளும் கூடும். சாலை அப்படியே இருக்க, வரைபடம் மட்டும் மேலே போகும். அதற்காகத்தான் ‘தகவல் வந்த வழி’ என்று தனிக் கட்டம். போக்கு பார்க்கும்போது, தொடக்கத்திலிருந்து மாறாமல் இருக்கும் வழிகளில் வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். மற்றவை இடத்தையும் விதத்தையும் ஆராய உதவும்.

ஒரே விபத்து இரண்டு பேர் வாயால் இரண்டு விபத்தாக வருவதும் வாடிக்கை. நேரம் 30 நிமிடத்துக்குள், இடம் 100 மீட்டருக்குள் இருந்தால் இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதம் முடிந்த மறுநாளே கணக்கை மூடாதீர்கள். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அதைச் சாலை உயிரிழப்பாகக் கொள்வது பரவலான வழக்கம். 30 நாள் காத்திருந்து மூடினால் தாமதமாக வரும் தகவலும் சேர்ந்துவிடும். அதுவரை அந்த எண்ணின் பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று போடுங்கள்.

எண்ணைப் படிப்பது

முதலில் நாட்களைச் சமன்செய்யுங்கள். மார்ச்சில் பிப்ரவரியைவிட 3 நாள் அதிகம், அதுவே 11 விழுக்காடு. எண்ணிக்கையை நாட்களால் வகுத்து 30 ஆல் பெருக்கினால் போதும்.

அடுத்தது சராசரி. குறைந்தது 24 மாதம், முடிந்தால் 36 மாதம் சேர்த்துச் சராசரி எடுங்கள். அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி, சராசரியோடு கூட்டியும் கழித்தும் இரண்டு கோடு போடுங்கள். சராசரி 6 என்றால் வர்க்கமூலம் 2.45, கோடுகள் 1க்கும் 11க்கும் அருகில் விழும். அதாவது 2 முதல் 10 வரை எந்த எண் வந்தாலும் அது அந்த வட்டாரத்தின் வழக்கமான மாதம்தான். 11ஐத் தொட்டால்கூட உடனே பதறவேண்டியதில்லை. சாலையில் எதுவுமே மாறாத ஒரு வட்டாரத்தில், ஓராண்டில் ஒரு மாதமாவது 11 அல்லது அதற்கு மேல் வர நூற்றுக்கு 40 வாய்ப்பு உண்டு. வர்க்கமூலத்தின் மூன்று மடங்கைத் தாண்டினால், இங்கே 14 வந்தால், அல்லது தொடர்ந்து எட்டு மாதம் சராசரிக்கு மேலேயே இருந்தால், ஏதோ உண்மையாகவே மாறியிருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள்.

இரண்டு மாதங்களை ஒப்பிடக் கைக்கணக்கு ஒன்று உண்டு. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். வித்தியாசம் அதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் பேசலாம். நாலும் எட்டும் கூடினால் 12, வர்க்கமூலம் 3.5, இரு மடங்கு 7. வித்தியாசமோ வெறும் 4. ‘இரண்டு மடங்காகிவிட்டது’ என்ற பேச்சு இங்கே நின்றுவிடுகிறது.

சராசரி 4க்குக் கீழே இருந்தால் மாதவாரியாகப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலாண்டுக்கு மாறுங்கள். எந்த அளவிலும் நம்பகமானது நகரும் 12 மாதக் கூட்டுத்தொகை. ஒவ்வொரு மாத முடிவிலும் கடைசி 12 மாதத்தைக் கூட்டிப் புள்ளி வையுங்கள், பருவமும் விடுமுறையும் தாமாகவே அடிபட்டுப்போகும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மோசமான ஒரு மாதம் 12 மாதம் கழித்து வெளியேறும்போது கோடு சட்டென்று இறங்கும். அந்த இறக்கத்துக்கு இப்போதைய மாதத்தில் காரணம் தேடாதீர்கள்.

சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் சீனப் புத்தாண்டு ஓராண்டு ஜனவரியிலும் மறு ஆண்டு பிப்ரவரியிலும் வரும், நோன்பு மாதம் ஆண்டுதோறும் 11 நாள் அளவுக்கு முன்னால் நகரும், தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். பள்ளி விடுமுறை ஜூனில் நாலு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம். இவற்றை வரைபடத்தின் அடியிலேயே குறித்துவைத்துவிட்டு ஒப்பிடுங்கள். 2020ஐச் சராசரியில் சேர்க்கவே வேண்டாம். அந்த ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் கட்டுப்பாடுகளால் சாலைகள் வெறிச்சோடியிருந்தன.

மழைக்கு மாதத்தை நம்பாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்யும், ஏப்ரல் மேயிலும் அக்டோபர் நவம்பரிலும் பிற்பகல் இடிமழை ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். ‘சாலை ஈரம்’ என்ற கட்டம் இருப்பது இதற்காகத்தான். இருட்டு பற்றி ஒரு வார்த்தை. நமக்குச் சூரிய உதயம் நவம்பர் தொடக்கத்தில் காலை 6.45 வாக்கில், பிப்ரவரி நடுவில் 7.15 வாக்கில். பள்ளிப் பிள்ளைகளும் அதிகாலை வேலைக்குப் போவோரும் சாலையைக் கடக்கும் அந்த அரை மணி நேரம், ஆண்டின் தொடக்கத்தில் மேலும் இருட்டாக இருக்கிறது. காலை 6.30 முதல் 7.30 வரையுள்ள விபத்துகளைத் தனியாக எடுத்துப் பார்க்கத் தவறாதீர்கள்.

சந்திப்பைத் தாளில் வரைவது

மாத எண்ணைவிட அதிகம் பேசுவது மோதல் வரைபடம். சந்திப்பை ஏ4 தாளில் பெரிதாக வரைந்து, மூன்றாண்டு விபத்துகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அம்புக்குறி போடுங்கள். இருட்டில் நடந்ததைக் கறுப்பிலும் ஈரச் சாலையில் நடந்ததை நீலத்திலும் வரையலாம். ஒரே மாதிரி அம்புகள் ஓரிடத்தில் மூன்று சேர்ந்தால் அங்கே போய் நின்று பாருங்கள்.

வலப்பக்கம் திரும்பும் அம்பு, நடக்கும் ஆளின் அம்பு, இந்தச் சேர்க்கை நம் சந்திப்புகளில் அடிக்கடி வரும். சிவப்பு அம்பு விளக்கு இல்லாத இடத்தில் ஓட்டுநர் எதிரே வரும் வாகனங்களுக்கு நடுவே இடைவெளி தேடிக் காத்திருப்பார். அவர் கண்ணெல்லாம் முன்னால். இடைவெளி கிடைத்ததும் வேகமாகத் திரும்புவார், திரும்பும் சாலையில் அதே நேரம் பச்சை மனிதன் எரிந்துகொண்டிருக்கும். முன்கண்ணாடியின் ஓரத்தூண் ஒரு முழு ஆளை மறைக்கும் அளவுக்கு அகலம். மூத்தோர் நடுச்சாலைக்கு வரும் நேரமும் ஓட்டுநர் பாயும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. இப்படிப்பட்ட சந்திப்புக்குத் தீர்வு, சிவப்பு, மஞ்சள், பச்சை அம்பு விளக்கால் வலத்திருப்பத்தைத் தனியாகப் பிரிப்பது. நிலப் போக்குவரத்து ஆணையம் பல சந்திப்புகளில் அதைச் செய்திருக்கிறது. கடக்க நேரம் போதாததுதான் சிக்கல் என்றால், மூத்தோர் அட்டையைத் தட்டிக் கூடுதல் விநாடிகள் பெறும் வசதி அந்த இடத்தில் உண்டா என்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு கோளாறு, வெவ்வேறு கோரிக்கை.

மோட்டார்சைக்கிளைத் தனிக் கட்டத்தில் வைப்பதற்கும் காரணம் உண்டு. 2024ல் உயிரிழந்தோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளோட்டிகளும் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களும். தடம் மாறிய கார், பக்கவாட்டில் பைக் என்ற அம்புச் சேர்க்கை வந்தால் சந்திப்புக்கு 50 முதல் 100 மீட்டர் முன்னால் தடக்கோடுகளும் வழிகாட்டிப் பலகையும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். பலகை தாமதமாகக் கண்ணில் பட்டால் கடைசி நொடியில் தடம் மாறுவார்கள்.

யாரிடம், எப்படி

பொதுச் சாலை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு, அடுக்குமாடிக் கார்ப்பேட்டை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பொறுப்பு, பார்வையை மறைக்கும் சாலையோர மரம் பெரும்பாலும் தேசியப் பூங்காக் கழகத்தினுடையது. ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு அனுப்பினால் உரிய அமைப்புக்குப் போய்ச்சேரும். எரியாத விளக்கு, அழிந்துபோன கடப்புக்கோடு, அறிவிப்புப் பலகையை மூடிய கிளை இவற்றுக்கு எந்தப் புள்ளிவிவரமும் சேரும்வரை காத்திருக்காதீர்கள், கண்டவுடன் அனுப்புங்கள்.

சந்திப்பையே மாற்றக் கோரும்போது ஒரே ஒரு பக்கம் கொடுங்கள்: மோதல் வரைபடம், நகரும் 12 மாதக் கோடு, ஒரு கோரிக்கை. வரைபடத்தின் செங்குத்து அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். பொறியாளர்களிடம் காவல்துறையின் முழுப் பதிவு இருக்கும், உங்கள் எண் அதோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். உங்கள் வரையறையையும் எல்லையையும் கீழே இரண்டு வரியில் எழுதிவிட்டால் அந்த வாக்குவாதமே எழாது.

மாற்றம் வந்தபின் அந்தத் தேதியில் வரைபடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிட்டு, முழுதாக 12 மாதம் காத்திருங்கள். மிக மோசமான மாதத்துக்குப் பிறகு எந்தச் சந்திப்பும் ஓரளவு தானாகவே தணியும். அதனால் எதுவும் மாற்றப்படாத இரண்டு மூன்று ஒத்த சந்திப்புகளின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவையும் அதே அளவு இறங்கியிருந்தால், புதிய விளக்கால் குறைந்தது என்று சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. அங்கெல்லாம் எண் அப்படியே இருக்க, இங்கே அந்த வலத்திருப்ப அம்புகள் மட்டும் தாளில் புதிதாக விழவில்லை என்றால், அதே கோரிக்கையை அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் செல்லலாம்.