லாஹௌல் பனியில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிறு காலைகளில் ஏற்காடு அடிவாரத்திலிருந்து முதுகில் பெருஞ்சுமையுடன் ஏறும் இளைஞர்கள் சிலரைப் பார்க்கிறேன். ஏப்ரலில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் பனிச்சறுக்குப் பயணம் போகிறார்களாம்; சறுக்குப் பலகையோடு மலையேறி, சறுக்கி இறங்குவது. பயிற்சி நல்லதுதான். ஆனால் அவர்களுடைய திட்டத்தைக் கேட்டால், நான் செய்த பழைய தவறுகளே வரிசையாக வருகின்றன. கையுறை, கறுப்புக் கண்ணாடி பற்றி யாரும் சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன்.

தாமதமாகக் கிளம்புவது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஏற்காட்டுக்கு எட்டு மணிக்குக் கிளம்பினால் கூடுதலாக வியர்க்கும், அவ்வளவுதான், பாதை மாறாது. வசந்தகாலப் பனியில் காலடித் தரையே மாறும். இரவில் உறைந்த பனி விடியலில் சிமெண்டுத் தரைபோல இறுகியிருக்கும். வெயில் பட்டு மேலே ஒரு விரற்கடை இளகும் நேரம்தான் சறுக்கி இறங்க ஏற்றது. அதைத் தவறவிட்டால் உருகிய நீர் உள்ளிறங்கிப் பனியின் பிடிப்பு விட்டுப்போகும். ஈரப் பனிச்சரிவு அப்போதுதான் வரும். கிழக்குச் சரிவு முதலில் இளகும்.

லாஹௌலில் சிஸ்ஸு கிராமத்துக்கு மேலே ஒருமுறை தேநீர், புகைப்படம் என்று ஒன்றரை மணி நேரத்தைத் தொலைத்தோம். 11.30 மணிக்கும், உச்சிக்கு இன்னும் 200 மீட்டர்தானே என்று பிடிவாதமாக ஏறினேன். இறங்கும்போது கால் முழங்கால்வரை புதைந்தது. என் பலகையின் ஓரத்திலிருந்து எலுமிச்சை அளவில் ஒரு பனியுருண்டை கிளம்பி, கீழே போகப்போக வண்டிச் சக்கரமாகப் பெருத்தது. சற்று நேரத்தில் பக்கத்துச் சரிவு அப்படியே நழுவியது. காலையில் நாங்கள் ஏறிய தடம் அதற்கடியில் போனது. யாருக்கும் அடியில்லை, நண்பரின் வாடகைப் பலகைகள் மட்டும் புதைந்தன. முழு விலையையும் கட்டினோம், பயணமும் அன்றே முடிந்தது.

இருட்டிலேயே தலைவிளக்குடன் கிளம்புங்கள். திரும்பும் நேரத்தை முந்தின இரவே முடிவுசெய்யுங்கள். இரவு மேகமூட்டத்தால் பனி உறையவில்லையென்றால் கிளம்பவே வேண்டாம்.

ஸ்கின்னை நனையவிடுவது

ஏறுவதற்காகப் பலகையின் அடியில் ஒட்டும் இந்த ரோமப்பட்டை நனைந்தால் பசை பிடிக்காது. கழற்றியதும் மேற்சட்டைக்குள் வையுங்கள்.

மீட்புக் கருவிகள்

பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டறிய உதவும் சமிக்ஞைக் கருவி), துழாவுகோல், மண்வாரி: மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும்.

உயரத்தை மறப்பது

ஏற்காட்டின் சேர்வராயன் கோயில் 1,600 மீட்டரைச் சற்றே தாண்டும். சிஸ்ஸு கிராமமே 3,000 மீட்டருக்கு மேல். 2020-இல் திறந்த அடல் சுரங்கப்பாதை வழியாக மணாலியிலிருந்து ஒரே காலையில் போய்விடலாம். உடல் அந்த வேகத்தில் பழகாது. இரண்டு இரவு தங்கிவிட்டு ஏறுங்கள்.