கட்சிப் பட்டியலைக் கடைசியில் திறவுங்கள்

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிரீமான்ட்டில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. என்னுடையது, கணவருடையது, அத்தையுடையது என மூன்று வாக்குச்சீட்டு உறைகள், மாநில அரசு அனுப்பிய கையேடு, கறுப்புப் பேனா, அத்தையின் மூக்குக்கண்ணாடி, ஒரு கிண்ணம் முறுக்கு. கலிபோர்னியாவில் பதிவு செய்த வாக்காளர்களுக்குச் சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. வரிசையில் பின்னால் நிற்பவர் செருமுவாரே என்ற அவசரம் இல்லை. அந்த அவகாசத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஆட்களுக்கு வாக்களிப்பதில் பெரிய சிரமம் இல்லை. கடைசியில் வரும் முன்மொழிவுகள்தான் திணறடிக்கும். இங்கே எல்லோரும் சுருக்கமாக 'ப்ராப்' என்பார்கள். ரயில் கம்பெனியின் பிடியில் கிடந்த அரசியலைத் தளர்த்துவதற்காக, 1911இல் ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில் வந்த ஏற்பாடு இது. போதுமான கையெழுத்துகளைச் சேர்த்துவிட்டால், சட்டமன்றத்தைத் தாண்டி ஒரு சட்டத்தை நேரே மக்கள் முன் வைக்கலாம். 2024 நவம்பரில் மட்டும் பத்துக் கேள்விகள். வாடகைக் கட்டுப்பாடு, குறைந்தபட்சக் கூலி, சிறையில் கட்டாய உழைப்பு, பள்ளிக் கட்டடங்களுக்கு ஆயிரம் கோடி டாலர் கடன் என்று நீண்டது பட்டியல். ஒரு சட்டமன்றம் வருடக் கணக்கில் மல்லுக்கட்டும் விஷயங்களை ஒரே மதியத்தில் முடிக்கச் சொல்கிறார்கள்.

அத்தை கோபிசெட்டிபாளையத்தில் நாற்பது வருடம் சின்னம் பார்த்து வாக்களித்தவர். குடியுரிமை வாங்கி முதல்முறை இந்தச் சீட்டைக் கையில் எடுத்ததும் முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "சின்னம் எங்கே கண்ணு?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக இருப்பதுதான் கட்சிகள் வெளியிடும் பரிந்துரைப் பட்டியல். ஒவ்வொரு முன்மொழிவின் எண்ணுக்கும் நேராக ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஜனநாயகக் கட்சியின் மாநிலக் கிளை, குடியரசுக் கட்சியின் மாநிலக் கிளை இரண்டும் தங்கள் இணையதளங்களில் வெளியிடுகின்றன. நான் எந்தக் கட்சியிலும் சேராமல் பதிவு செய்தவள். அதனால் இரண்டு பட்டியல்களையும் அச்செடுத்து, எழுத்து கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வைத்துவிடுவேன். முதலிலேயே பார்த்துவிட்டால் பிறகு கையேட்டைப் படிக்க மனம் வராது. விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிற பிள்ளையின் கதைதான்.

அச்செடுக்கும்போது, அது உண்மையிலேயே கட்சியின் பட்டியல்தானா என்று பாருங்கள். சில வருடங்களுக்கு முன் எனக்கு ஓர் அட்டை தபாலில் வந்தது. வழவழப்பான கெட்டித் தாள், நீலக் கரை, கோல்டன் கேட் பாலத்தின் படம், மேலே 'வாக்காளர் வழிகாட்டி' என்று பெரிய எழுத்து. எண்களும் அவற்றுக்கு நேரே ஆம், இல்லை என்ற சொற்களும் பார்க்கக் கட்சியின் பட்டியல் போலவே இருந்தன. அப்படியே பார்த்து நிரப்பிவிட்டேன். சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, அட்டையைக் குப்பையில் எறியப் போகும்போதுதான் அடியில் இருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது. இதைத் தயாரித்த அமைப்பு அதிகாரபூர்வமான கட்சி அமைப்பு அல்ல. நட்சத்திரக் குறி இட்டவை பணம் கட்டி இடம்பெற்றவை. மேலே பார்த்தால் பாதிக்கு மேல் நட்சத்திரம். வருமான வரிப் படிவம் நிரப்பித் தருவது என் தொழில். பொடி எழுத்தைப் படிப்பதற்குத்தான் எனக்குக் கூலியே. அன்று முழுக்க வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இத்தகைய அட்டைகள் சட்டத்துக்குப் புறம்பானவை அல்ல. அந்த அறிவிப்பையும் நட்சத்திரத்தையும் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் மாநிலச் சட்டம்தான். ஆகவே அட்டை கைக்கு வந்ததும் அடிப்பகுதியைப் படியுங்கள். பிறகு நட்சத்திரங்களை எண்ணுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை அத்தையுடையது. ஆங்கிலம் தெரியாமலே செய்யலாம்.

அடுத்தது அரசுக் கையேடு. முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. சட்ட வாசகம் வரும் பின்பக்கங்களை நான் பெரும்பாலும் தொடுவதில்லை. முன்பக்கத்துச் சுருக்க அட்டவணையில் 'ஆம் என்றால் என்ன நடக்கும், இல்லை என்றால் என்ன நடக்கும்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அதையும், உள்ளே சட்டமன்றப் பகுப்பாய்வாளர் எழுதும் விளக்கத்தையும் படியுங்கள். இந்த அலுவலகம் கட்சி சாராதது. கேட்டுக்கொண்டதற்காக யாரையும் புகழாது. செலவு எவ்வளவு, யார் தலையில் விழும் என்பதைச் சொல்லிவிடும். இருதரப்பு வாதங்கள் அதற்குப் பிறகு. அவற்றில் பெரிய எழுத்தில் அலறும் வரிகளைத் தாண்டி, கீழே கையெழுத்திட்டவர்கள் யார் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

தலைப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். அதை எழுதுபவர் மாநில அட்டர்னி ஜெனரல். அவரும் தேர்தலில் நின்று வென்ற கட்சிக்காரர்தான். 2018இல் முன்மொழிவு 6 பெட்ரோல் வரி உயர்வை நீக்கக் கேட்டது. சீட்டில் வந்த தலைப்போ, சாலைப் பழுது பார்ப்புக்கும் போக்குவரத்துக்குமான சில நிதிகளை ஒழிக்கிறது என்று தொடங்கியது. இரண்டுமே உண்மைதான், ஆனால் எதை முதலில் சொல்கிறோம் என்பதிலேயே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. அது தோற்றது.

ஆம், இல்லை என்ற கட்டங்களை விரல் வைத்துப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் நான் 2020இல் பட்ட அவமானம். முன்மொழிவு 25 ஜாமீன் பணத்தைப் பற்றியது. பணம் கட்டினால் வெளியே, இல்லாவிட்டால் உள்ளே என்ற முறையை ஒழித்துச் சட்டமன்றம் ஏற்கெனவே ஒரு சட்டம் இயற்றியிருந்தது. அதை எதிர்த்து ஜாமீன் தொழில் நடத்துபவர்கள் கையெழுத்துச் சேகரித்து மக்கள் முன் நிறுத்தினார்கள். அந்தச் சட்டம் நிலைக்க 'ஆம்' என்று குறிக்க வேண்டும். நானோ ஜாமீன் பணம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு 'இல்லை' என்று குறித்தேன். சட்டம் தோற்றுப்போயிற்று. என் ஒரு வாக்கால் அல்ல, ஆனாலும் தோற்கடித்தவர்கள் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். என்னைப் போலக் குழம்பியவர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது. 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, இந்த வகைக் கேள்விகளில் ஆம், இல்லை என்பதற்குப் பதிலாக 'சட்டத்தை வைத்துக்கொள்', 'சட்டத்தை ரத்து செய்' என்ற பொருளிலேயே அச்சிட வழி செய்துவிட்டார்கள்.

பிறகு பணம். விளம்பரங்களில், அதிகமாகக் கொடுத்த மூன்று பேரின் பெயரைக் காட்ட வேண்டும் என்பது விதி. 2024 சீட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழேயே ஆதரிப்போர், எதிர்ப்போர் பெயர்களும் வந்துவிட்டன. இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு அந்த வருடத்து 33, 34 இரண்டையும் காட்டலாம்.

33 வாடகைக் கட்டுப்பாட்டைப் பற்றியது. அதற்குப் பணம் கொட்டியது எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன் என்ற மருத்துவத் தொண்டு அமைப்பு. 2018, 2020 தேர்தல்களில் இதே போன்ற முயற்சிகளுக்கும் கொடுத்த அமைப்பு. 34ஐப் படித்தால் மருந்து விஷயம். மத்திய அரசின் சலுகை விலை மருந்துத் திட்டத்தால் வரும் வருமானத்தில் 98 சதவீதத்தைச் சில மருத்துவ அமைப்புகள் நோயாளிகளுக்கே நேரடியாகச் செலவிட வேண்டும் என்றது. நல்லதுதானே என்று பேனாவை எடுத்துவிட்டேன். யாருக்கு இது பொருந்தும் என்ற பத்தி அடுத்து வந்தது. பத்து வருடங்களில் நோயாளி பராமரிப்பு அல்லாதவற்றுக்குப் 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்டிருக்க வேண்டும். கூடவே, அந்த அமைப்பு நடத்தும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குறைந்தது 500 கடுமையான சுகாதார, பாதுகாப்பு விதிமீறல்கள் இருந்திருக்க வேண்டும். மருந்துச் சட்டத்தில் குடியிருப்பு எங்கே வந்தது? பணம் கொடுத்தவர் பெயரைப் பார்த்தேன்: கலிபோர்னியா அபார்ட்மென்ட் சங்கம். வீட்டு உரிமையாளர்கள். வாடகைச் சண்டையில் எதிராளியான அந்த எய்ட்ஸ் அமைப்பின் மடியில் கைவைக்க மருந்துச் சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். 33 தோற்றது, 34 மயிரிழையில் வென்றது. அதை ஆதரிக்க வேறு நியாயமான காரணம் யாருக்காவது இருந்திருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. எதற்கு வாக்களிக்கிறோம் என்று தெரிந்து வாக்களிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனையும் முடிந்து பென்சிலால் ஒரு தனித் தாளில் பத்து விடைகளையும் எழுதிய பிறகுதான் கவிழ்த்து வைத்த பட்டியல்களைத் திருப்புங்கள். நம் மனத்துக்கு நெருக்கமான கட்சியும் நாமும் ஒத்துப்போகும் எண்களில் நேரம் செலவிட வேண்டாம். மாறுபடும் எண்ணை வட்டமிடுங்கள். 2020இல் இப்படி ஒத்துப்பார்த்திருந்தால், ஜாமீன் கேள்வியில் ஏன் மாறிக் கிடக்கிறது என்று ஒரு நிமிடமாவது நின்றிருப்பேன். எனக்குப் பட்டியலின் முதல் பயனே இதுதான், தவறு பிடிக்கும் தராசு.

இரண்டாவது பயன், கட்சிக்குள்ளேயே கீறல் விழும் இடங்களைக் காட்டுவது. 2022இல் முன்மொழிவு 30, வருடத்துக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களிடம் கூடுதல் வரி வாங்கி மின்சாரக் கார்களுக்கும் காட்டுத்தீத் தடுப்புக்கும் கொடுக்கச் சொன்னது. ஜனநாயகக் கட்சி ஆதரிக்கச் சொன்னது. அதே கட்சியின் ஆளுநர் கேவின் நியூசம் விளம்பரத்தில் தோன்றி எதிர்த்தார். பெரும்பணம், செல்பேசியில் அழைத்தால் வாடகைக் கார் அனுப்பும் லிஃப்ட் நிறுவனத்துடையது. வாடகைக் கார் நிறுவனங்கள் மின்சாரக் கார்களுக்கு மாற வேண்டும் என்ற மாநில விதி ஏற்கெனவே அதன் கழுத்தில் இருந்தது. முன்மொழிவு தோற்றது. 2024இல் திருட்டுக்கும் போதைப்பொருளுக்கும் தண்டனையைக் கூட்டிய 36ஐ எதிர்க்கச் சொன்னது கட்சி. ஆனால் அப்போதைய சான் பிரான்சிஸ்கோ மேயர் லண்டன் பிரீடும் சான் ஹோசே மேயர் மாட் மேஹனும், இருவரும் அதே கட்சிக்காரர்கள், ஆதரித்தார்கள். சுமார் 68 சதவீத வாக்கில் வென்றது. இப்படிப் பட்டவற்றில் கட்சியின் ஒரு சொல் விடையை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. பிரிந்து நிற்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பத்து நிமிடம் படியுங்கள்.

கட்சிக்கே ஆதாயம் உள்ள கேள்வியில் பட்டியலைத் திருப்பவே வேண்டாம். 2025 நவம்பரில் வந்த முன்மொழிவு 50 அப்படி. டெக்சாஸில் தொகுதிகளை மாற்றி வரைந்ததற்குப் பதிலடியாக, கட்சி சாராத ஆணையம் வரைந்த அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளைத் தற்காலிகமாக ஒதுக்கிவைத்து, சட்டமன்றத்தின் புதிய வரைபடத்தை ஏற்கக் கேட்டது. ஒரு கட்சி ஆம் என்றது, மற்றது இல்லை என்றது. மாப்பிள்ளை வீட்டாரிடம் போய் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டது போல. எங்கள் வீட்டில் நானும் கணவரும் அதற்கு வேறு வேறாக வாக்களித்தோம். ஏன் என்பதை மூன்று நாள் பேசினோம்.

எல்லாம் பார்த்தும் ஒன்றில் முடிவு வரவில்லையா, காலியாக விட்டுவிடுங்கள். ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் மற்ற வாக்குகள் செல்லாமல் போவதில்லை. 34ஐ நான் அப்படித்தான் விட்டேன்.

கடைசியாக உறை. தபால்தலை ஒட்டத் தேவையில்லை, ஆனால் வெளியே கையெழுத்து கட்டாயம். அலுவலகத்தில் இருக்கும் கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். அத்தை பதிவு செய்யும்போது தமிழில் போட்டிருந்தார். முதல் தேர்தலில் மரியாதைக்காக ஆங்கில எழுத்தில் கோணலாக எழுதி அனுப்பிவிட்டார். ஒத்துவரவில்லை, சரிசெய்யுங்கள் என்று கடிதம் வந்தது. சரிசெய்து அனுப்பினோம், எண்ணிக்கொண்டார்கள். இப்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'சரஸ்வதி' என்று நிதானமாகத் தமிழில் எழுதி, மை காய ஊதிவிட்டுத்தான் உறையை என்னிடம் தருகிறார்.