ஆஸ்திரேலியா ஸ்கில்டு விசா: அனுபவம் இருக்கும், அத்தாட்சி இருக்காது

லீவில் சேலம் வந்தால் சாயங்காலம் தட்டுவடை செட் கடையில் யாராவது ஒரு தம்பி பிடித்துக்கொள்கிறான். 'அண்ணா, ஆஸ்திரேலியாவுக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன்' என்று ஆரம்பிப்பான். செட் தீர்வதற்குள், நான் அந்தக் காலத்தில் செய்த அதே கோமாளித்தனத்தைத் தானும் செய்யப் போவதாக என்னிடமே சொல்லிவிடுவான். கேரண்டி விசா என்று சொல்கிறவனிடம் பணம் கொடுக்காதே, பாஸ்போர்ட் எப்போது முடிகிறது பார் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அதை விடுகிறேன்.

லெட்டர் வாங்காமல் வேலையை விட்டு வருவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

படித்தது மெக்கானிக்கல். முதல் வேலை, ஆத்தூர் ரோட்டில் சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஃபாக்டரிகளுக்கு மெஷின் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில். டிராயிங் போடுவது, மோட்டார் அளவு கணக்குப் பார்ப்பது, ஃபாக்டரியில் போய் மாட்டி ஓட்டிக் காட்டுவது எல்லாம் நான்தான். 2 வருஷம் 8 மாதம். சம்பளத்தில் பாதி பேங்கில் வரும், மீதி சனிக்கிழமை கவரில் வரும். பி.எஃப். கிடையாது. கிளம்பும்போது முதலாளி கொடுத்த காகிதத்தில் நாலே வரி: இவர் எங்களிடம் வேலை பார்த்தார், நன்னடத்தை உள்ளவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். நானும் அதைப் பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொண்டேன், கல்யாணப் பத்திரிகை மாதிரி.

அடுத்த கம்பெனியில் 3 வருஷம் 4 மாதம் ஆனபோது விசா வேலையை ஆரம்பித்தேன். இந்த விசாவுக்கு வயது, அனுபவம், இங்கிலீஷ் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். அந்தக் கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே வேலை பார்த்த அனுபவம் 3 வருஷம் இருந்தால் 5, 5 வருஷம் தாண்டினால் 10, 8 வருஷம் தாண்டினால் 15. இரண்டு வேலையையும் கூட்டினால் 6 வருஷம், ஆக 10 என்று பேனாவால் எழுதியே வைத்திருந்தேன். இஞ்சினியர்களின் படிப்பையும் வேலையையும் எடைபோடும் இஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியாவுக்கு நன்னடத்தை தேவையில்லை. என்ன பதவி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை செய்தாய், அதற்குச் சம்பளம் வாங்கினாய் என்பதற்கு வெளி ஆதாரம் எங்கே. இதுதான் கேள்வி.

சரி, முதலாளியிடம் புதிதாக ஒரு லெட்டர் வாங்கலாம் என்று ஆத்தூர் ரோட்டுக்குப் போனேன். பட்டறை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளி காலமாகி ஒரு வருஷம், பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டு பெங்களூரு போய்விட்டார்களாம். பேங்க் ஸ்டேட்மென்டில் பாதிச் சம்பளம் தெரிந்தது, ஆனால் நான் அங்கே இஞ்சினியரா வாட்ச்மேனா என்று அது சொல்லாதே. 2 வருஷம் 8 மாதம் ஒரே நாளில் கழிந்தது. 10 புள்ளி 5 ஆனது.

அதோடு போகவில்லை. இதற்காக அலைந்ததில் எனக்கு 33 வயது ஆனது. 25 முதல் 32 வரை வயதுக்கு 30 புள்ளி, 33 பிறந்த அன்று அது 25. ஆக மொத்தம் 10 போச்சு. விண்ணப்பிக்க 65 போதும் என்பார்கள். அது வாசல்படிதான், விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வரும் அழைப்பு அதற்கு மேலே நிற்பவர்களுக்கே முதலில் போகும். 5 வருஷக் கணக்கைத் தொட அதே கம்பெனியில் இன்னும் 1 வருஷம் 8 மாதம் உட்கார்ந்தேன். வீட்டில் கேட்பவர்களுக்கெல்லாம் 'ப்ராசஸ்ல இருக்கு' என்று அம்மா சொல்லிச் சொல்லி, அந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்கு இங்கிலீஷில் சுத்தமாக வந்துவிட்டது.

அதனால் தம்பிகளா, ராஜினாமா கொடுக்கும் வாரத்திலேயே லெட்டரை நீங்களே அடித்து எடுத்துக்கொண்டு போங்கள். சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலை ஐந்தாறு வரி, கையெழுத்துப் போடுபவரின் பெயர், பதவி, போன் நம்பர். முதலாளிகள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் இதில் கையெழுத்துப் போட்டால் பின்னால் ஏதாவது கேஸ் வருமோ என்று பயப்படுவார்கள். அவருடைய ஆடிட்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் போனால் பயம் பாதி குறையும். சம்பளம் முழுவதும் பேங்கில் வரட்டும். கம்பெனி கொடுக்கும் வரிப் பிடித்தச் சான்று (படிவம் 16), பி.எஃப். பாஸ்புக், வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் வருஷா வருஷம் இறக்கி வையுங்கள்.

அடுத்தவன் ரிப்போர்ட்டை எடுத்து எழுதுவது

உங்கள் டிகிரி நேரடியாக அங்கீகாரம் பெறாத வகை என்றால், இஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா நீங்களே செய்த வேலையைப் பற்றி மூன்று பணிக் கட்டுரைகள் கேட்கும், ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 வார்த்தை. ஒரு பையன் தன்னுடையதைக் காட்டினான். அதில் அவன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வடிவமைத்திருந்தான். 'எந்தச் சுரங்கம்டா?' என்றேன். சிரித்தான். அவன் வேலை பார்ப்பது விசைத்தறி மெஷின் ரிப்பேரில். காப்பியைக் கண்டுபிடிக்க அவர்களிடம் மென்பொருள் இருக்கிறது. விசா விண்ணப்பத்திலும் பொய்த் தகவல் என்று பிடிபட்டால் மறுப்போடு 3 வருஷத் தடை வரும். விசைத்தறியைப் பற்றியே எழுதடா, அதுவும் இஞ்சினியரிங்தானே.

இனிஷியல்

மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, பேங்கில் அப்பா பெயர் பின்னால். ஆள் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும், ஃபைலைத் திறப்பவருக்குத் தெரியாது. முதலில் பாஸ்போர்ட்டைச் சரி செய்யுங்கள். மற்றதெல்லாம் அதன்படி.

ஐ.இ.எல்.டி.எஸ். சராசரி

ஐ.இ.எல்.டி.எஸ். என்பது இங்கிலீஷ் தேர்வு; கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. சராசரி செல்லாது. மூன்றில் 8 வாங்கி ரைட்டிங்கில் 6.5 என்றால் 10 புள்ளி கிடையாது, நாலிலும் 7 வேண்டும்.

விசா வருவதற்குள் வேலையை விடுவது

விடாதீர்கள்.

போன வாரம் ஏற்காடு அடிவாரத்து டீக்கடையில் ஒரு பையன், வெள்ளிக்கிழமை வேலையை விடப் போகிறானாம். லெட்டர் வாங்கினாயா என்றேன்.

'எங்க முதலாளிகிட்ட லெட்டர்ஹெட்டே இல்லைண்ணா, பில் புக்குதான் இருக்கு.'

முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஜி.எஸ்.டி. நம்பரோடு 100 தாள் உன் காசிலேயே அடித்துக் கொடுத்துவிடு, ஒன்றில் உனக்குக் கையெழுத்து, மீதி 99 அவருக்கு என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு பிரஸ்காரருக்குப் போன் போட்டான்.